ஆற்றுத் திருவிழா முடிந்து அக்காவுக்கு

என் அக்காவுக்கு,

நீ வாய் நிறையச் சிடுமூஞ்சி என்று கூப்பிடுவாயே, அந்தத் தம்பி எழுதுகிறேன். இப்போது யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. நேரில் சார் என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதை உனக்கு எழுத வேண்டாம்.

நீ போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அரியூர் முக்கில் உன் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கிறார் உன் வீட்டுக்காரர். முதல் வருட ஃப்ளெக்ஸில் என் பெயர் எங்கே இருந்தது தெரியுமா? கடைசி வரியில், பால் சொசைட்டி நண்பர்களுக்கும் கீழே, "மற்றும்" என்ற சொல்லுக்குப் பிறகு. கூடப் பிறந்தவன் ஒரே ஒருத்தன், அவன் "மற்றும்" ஆகிவிட்டான். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் அழிக்கவில்லை. நான் எதையும் அழிக்கிறவன் இல்லை என்று உனக்குத்தான் தெரியுமே.

அவரை மாமா என்று எழுதக் கை வரவில்லை. உன் வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இந்த வருடம் தை ஐந்து சனிக்கிழமையில் வந்தது. பொங்கல் லீவும் சனி ஞாயிறும் ஒட்டிக்கொண்டதால் ஆற்றுத் திருவிழாவுக்கு நம் குருவிநத்தம் தாங்காத கூட்டம். நீ இருந்தவரை ஒரு வருடம் விட்டதில்லை. கல்யாணமாகி அரியூர் போன பிறகும், புளிச்சோறும் வேகவைத்த சிறுவள்ளிக்கிழங்கும் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஆற்று மணலில் பாய் விரிப்பாய். நீ போன பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. நம் வீட்டிலிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம், ஆனாலும் போகவில்லை.

இந்தத் தடவை போக வைத்தவள் உன் மகள் ரேவதி. பொங்கலன்று போன் செய்தாள். "மாமா, சனிக்கிழம அப்பாவ இட்டுக்கினு வர்றேன். எல்லாரும் ஆத்துக்குப் போறோம். வர முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவளே தொடர்ந்தாள்.

"மாசியில யாழினிக்குக் காது குத்தணும். எனக்கு அண்ணன் இருக்குதா, தம்பி இருக்குதா? எனக்குத் தாய்மாமன் நீங்க. நீங்கதான் மடியில வச்சிக்கணும். ஆனா அப்பா வந்து உங்கள முறையாக் கூப்புட்டாதான் நீங்க வருவீங்க. அவரு உங்கள பாத்தா வாயே தொறக்க மாட்டாரு. அன்னைக்கி ஆத்துல ரெண்டு பேரும் பேசி முடிச்சிடுங்க. இல்லன்னா எம்பொண்ணு யார் மடியில குந்துவா, நீங்களே சொல்லுங்க."

இதுதான் அக்கா விஷயம். உன் பேத்திக்குக் காது குத்த ஒரு மடி வேண்டும். அதற்கு இரண்டு கிழவர்கள் வாயைத் திறக்க வேண்டும். எனக்கு ஐம்பத்தொன்றுதான் ஆகிறது, ஆனால் நீ போன மறுவருடம் பிறந்த அந்தக் குழந்தைக்கு நானும் தாத்தா முறை. உன் வீட்டுக்காரர் மாடு வைத்திருப்பதால் அவர் மாட்டுத் தாத்தா. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் நான் கண்ணாடித் தாத்தா. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவனுக்கு ரெண்டே கால் வயதுக் குழந்தை கொடுத்த பட்டம் அது. சேதராப்பட்டு ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதனை செய்கிறேனே, அங்கே அதுகூடக் கொடுக்கவில்லை. எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிற மேனேஜருக்கு என் மகனைவிட ஐந்து வயது கூட இருந்தால் அதிகம்.

நாங்கள் ஏன் பேசுவதில்லை என்று உனக்கு யாராவது சொன்னார்களா? யார் சொல்லியிருப்பார்கள்?

நீ போன அன்று எனக்குக் காலை ஷிப்ட். ஃபேக்டரியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆபீஸ் நம்பரை நான் உறவில் யாருக்கும் கொடுத்ததில்லை, தொந்தரவு என்று. ரெண்டு மணிக்கு லாக்கரைத் திறந்தால் நாற்பத்தாறு மிஸ்டு கால். விஷயம் தெரிந்ததும் அரியூருக்குத்தான் கிளம்பினேன். வழியில் வில்லியனூரில் இறங்கிக் கோடிப் புடவை எடுத்தேன். பிறந்த வீட்டுக் கோடி போடாமல் ஒரு பெண்ணை எப்படி அனுப்புவது? கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்ட புடவை பிடிக்கவில்லை. உனக்குக் கத்திரிப்பூ நிறம்தான் பிடிக்கும். அந்த நிறத்தில் கிடைக்கிறவரை தேடினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் உன் தெருவில் நுழைந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உன்னை எடுத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"மழ வலுக்கறதுக்குள்ள எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்கடா," என்றார் உன் வீட்டுக்காரர். அவ்வளவுதான் சொன்னார். அந்த வீட்டு வாசல் அன்றோடு சரி என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன். நெஞ்சு வலி என்றவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்த மனிதன் என்றும் சொன்னேன். ஒரு தடவையோடு நிறுத்தவுமில்லை. கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். அந்தப் புடவை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் என் பீரோவில் இருக்கிறது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். ஏழு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். என் மனைவி பொங்கலுக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், நான் மட்டும்தான். காரை நம் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். ரேவதி இறங்கினாள், அவள் புருஷன் பிரபு இறங்கினான், குழந்தையும் இறங்கியது. உன் வீட்டுக்காரர் இறங்கவில்லை. மாமனார் வீட்டு வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடி வழியாக எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தே போய்விடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பை, பால் புட்டி, டயப்பர், பாய், குடை, குடம், சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் யார் சுமப்பது என்றாள் ரேவதி. ஒரு குழந்தைக்கு இத்தனை மூட்டையா அக்கா? நீ ரேவதியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு துண்டோடு வருவாயே.

பதினைந்து நிமிட வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஊர் ஊராகச் சாமிகளை டிராக்டரில் ஏற்றி மேளத்தோடு கொண்டுவருகிறார்கள். அதன் பின்னால் நாங்கள். உன் வீட்டுக்காரர் முன் சீட்டில், நான் பின்னால், எனக்கும் ரேவதிக்கும் நடுவில் குழந்தை.

உன் வீட்டுக்காரர் திரும்பாமலே ஆரம்பித்தார். "பாப்பா, கண்ணாடித் தாத்தாவக் கேளு, ஜன்னல எறக்கட்டுமான்னு. மூச்சு முட்டுது."

இது உனக்குப் புதிதில்லை. பேச்சில்லாதவர்கள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் நம் பக்கத்தில் குழந்தையை வைத்துத்தான் பேசுவார்கள். சித்தப்பாவும் பெரியப்பாவும் எட்டு வருடம் உன்னை வைத்துப் பேசிக்கொண்டார்களே. ஆனால் உனக்கு அப்போது பத்து வயது. இவளுக்கு ரெண்டே கால்.

நானும் விடவில்லை. "வெளிய ஒரே தூசி, ஏசி ஓடுதுன்னு தாத்தாகிட்ட சொல்லு கண்ணு."

"ஏசி," என்றாள் யாழினி யாரிடமும் இல்லாமல். பிறகு என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்தாள்.

பிரபு நல்ல பையன், ஆனால் பயந்தவன். "நான் வேணா பாதி ஜன்னல எறக்கிட்டு ஏசியும் போடட்டா?" என்றான்.

"த, நீங்க சும்மா வண்டிய ஓட்டுங்க!" ரேவதி கத்தினாள். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்குது இல்ல? எம்பொண்ணு இன்னா போஸ்ட்மேனா?"

குழந்தை இறங்கணும், இறங்கணும் என்று அழுதது. இறக்கினால் தூக்கு என்று அழுதது. தூக்கினால் "நானே, நானே" என்று காலை உதைத்தது. நடக்கும்போது கீச் கீச்சென்று சத்தம் போடுகிற செருப்பு ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அந்தச் சத்தம் என் மண்டைக்குள் இறங்கியது. ஒரு தடவை நின்ற காரிலிருந்து ஒற்றைச் செருப்பை வெளியே எறிந்தாள். நான் இறங்கிப் பின்னால் ஓடி, டிராக்டர் சக்கரத்துக்கடியில் போவதற்குள் எடுத்து வந்தேன். ஒருத்தர்கூட நன்றி சொல்லவில்லை. லீவு நாளில் வீட்டில் படுத்திருக்கலாம் என்று நூறு முறை நினைத்தேன்.

ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்பாய். நடுவில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது, மற்ற இடமெல்லாம் மணல். மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மேலே இருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் போலத் தெரியும். உள்ளே எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கொம்யூன் பஞ்சாயத்துக்காரர்கள் பள்ளத்தருகில் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றின் மேல் யாரோ ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

நீ எப்போதும் விரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ரேவதி பாய் விரித்தாள். கிழங்கும் கரும்பும் வாங்கி வருகிறோம் என்று அவளும் பிரபுவும் கிளம்பினார்கள். போகும்போது எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேர் இருக்கீங்க. ஒரு கொழந்தைய பாத்துக்கங்க. அப்படியே பேசியும் முடிங்க."

வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போனாள். நாங்கள் பாயின் ரெண்டு முனையில் உட்கார்ந்தோம். நடுவில் யாழினி மணலை அள்ளிப் புளிச்சோற்றுத் தூக்கின் மூடிமேல் போட்டுக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் மட்டும் என்ன செய்தேன்? எனக்கும் நெஞ்சுக்குள் ஒரு பேச்சு இருந்தது. முறை தெரிந்தவர் முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

என் போன் அடித்தது. அந்த மேனேஜர்தான். லீவு நாளில், திருவிழாவில், ஏதோ ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துகொண்டே, அவருக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்: "பாப்பா, நீ மாட்டுத் தாத்தாகிட்ட போய்க் குந்து." சொல்லிவிட்டுக் கரைப்பக்கம் போனேன்.

அவருக்கு அது கேட்கவில்லை அக்கா. பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் அவரும் எழுந்திருக்கிறார், கைகழுவத் தண்ணீர் கொண்டுவர. அவரும் குழந்தையிடம்தான் சொல்லியிருக்கிறார்: "கண்ணாடித் தாத்தா கைய புடிச்சிக்க." நான் பின்னாலேயே இருப்பதாக நினைத்திருக்கிறார்.

நாங்கள் ரெண்டு பேரும் குழந்தையிடம் சொன்னோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவரும் குடத்தோடு வந்தார். பாயில் தூக்கு இருந்தது, பால் புட்டி இருந்தது, ஒற்றைச் செருப்பு கிடந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ரெண்டு பேருடைய பார்வையும் கீழே, பாயின் நடுவுக்குப் போனது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது: குழந்தை எங்கே என்று கேட்பதற்கே எங்களுக்கு நடுவில் ஒரு குழந்தை வேண்டியிருந்தது. எத்தனை நொடி அப்படி நின்றோம் என்று தெரியாது. ஒரு நொடிகூட நிற்கக் கூடாத நேரத்தில் நின்றோம்.

"மாமா, பாப்பா எங்க?"

கத்தியது நான்தான். மூன்று வருடம் கழித்து அந்தச் சொல் தானாக வாயிலிருந்து விழுந்தது. இனி இந்தக் கடிதத்திலும் மாமா என்றே எழுதுகிறேன்.

"உங்கிட்டதானடா உட்டுட்டுப் போனன்!"

"என்கிட்ட எங்க உட்டீங்க? நான் உங்ககிட்ட போகச் சொல்லிட்டுத்தான போன் பேசப் போனேன்!"

"யார்கிட்ட சொன்ன? என்கிட்ட சொன்னியாடா நீ?"

மாமா குடத்தைப் போட்டுவிட்டுப் பள்ளத்தை நோக்கி ஓடினார். அறுபத்திரண்டு வயது மனிதர், முட்டி வலிக்காரர், வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினார். நான் மைக் செட் இருந்த பந்தலுக்கு ஓடினேன். மைக்கில் இருந்தவர் குழந்தை பேர் என்ன, வயசு என்ன, என்ன சட்டை என்று கேட்டார். எனக்கு என்ன சட்டை என்று தெரியவில்லை அக்கா. காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து எரிச்சல்பட்டேனே தவிர, அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று பார்க்கவில்லை. செருப்பு மட்டும்தான் தெரியும். "ஒத்த செருப்பு. கீச் கீச்சுனு சத்தம் வரும்," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பின்னாலேயே மாமா சொட்டச் சொட்ட வந்து நின்றார். "மஞ்ச கவுனு. தோள்ல ரோஸ் பூ. தலையில ரெண்டு குடுமி, வலது குடுமி அவுந்திருக்கும்," என்றார் ஒரே மூச்சில்.

மைக்கில் இருந்தவர் அதை ஆறு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "யாழினி, ரெண்டு வயசுக் கொழந்த, மஞ்ச கவுன், ஒத்த செருப்பு. பாத்தவங்க உடனே மைக் செட்டாண்ட இட்டுக்கினு வாங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் ரேவதி வந்துவிட்டாள். கையில் கரும்பு இல்லை, கிழங்கும் இல்லை. பிரபுவின் முகத்தில் ரத்தம் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

கிழங்கு விற்கிற அம்மா ஒருத்திதான் கொண்டுவந்தாள். குழந்தை அவள் இடுப்பில் உட்கார்ந்து வேகவைத்த கிழங்கைத் தோலோடு சப்பிக்கொண்டிருந்தது. காலில் ஒற்றைச் செருப்பு.

"யாரும்மா இதப் பெத்தவ? பள்ளத்தாண்ட கயிறப் புடிச்சிக்கினு ஆடிக்கினு இருந்திச்சி. யாருகூட வந்தன்னு கேட்டா தாத்தாங்குது. எங்கன்னு கேட்டா இந்தப் பக்கமும் கைய காட்டுது, அந்தப் பக்கமும் கைய காட்டுது." எங்களைப் பார்த்தாள். "இவங்க ரெண்டு பேருமா? நல்லா இருக்கீங்கய்யா. எங்க தெரு நாயிங்க தேவலாம், குட்டிய மாத்தி மாத்திக் காவ காக்குது."

அவளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கப் போனேன். கிழங்கு வேண்டுமானால் காசு கொடு, இதற்கு வேண்டாம் என்று போய்விட்டாள்.

ரேவதி குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் மோந்துகொண்டே இருந்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கம்மா போனது போதாதா உங்களுக்கு?"

குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "காது குத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வர வேணாம். காது குத்துற பத்தர் மடியிலயே வச்சிக் குத்திக்கறேன்," என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிரபுவோடு காருக்குப் போய்விட்டாள். பாயைக்கூட எடுக்கவில்லை.

நாங்கள் ரெண்டு பேரும் பாய்க்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். இந்தத் தடவை பாயின் ஒரே முனையில். காரணம் ஒன்றுமில்லை, மறு முனையில் மாமா போட்டுவிட்டு ஓடிய குடத்தின் தண்ணீர் ஊறியிருந்தது. உன் ஊர்ச்சாமியும் நம் ஊர்ச்சாமியும் தீர்த்தவாரிக்கு இறங்கிப் போயின. நாங்கள் கும்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மாமாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கி மூணு மணி வரைக்கும் நிறுத்தி வச்சன்டா," என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "பெரியவங்க கத்துறாங்க. சுடுகாட்டு வழி முழுவிப் போவும்னாங்க. தம்பி கோடியோட வந்துக்கினு இருப்பான்னு சொல்லிப் பாத்தன். முடியல."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ எங்க சொல்ல வுட்ட? வந்ததும் சோடா சோடான்னு ஆரம்பிச்சிட்ட."

சோடா என்றதும் நான் குனிந்து மணலைக் கிளறினேன் அக்கா. உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று இருக்கிறதே.

"அவ சொன்னாடா," என்றார் மாமா. "முந்தின நாள் சாயங்காலம் உனக்குப் போன் போட்டுப் பேசிட்டு உள்ள வந்தா. 'நெஞ்சு எரியுது, கையி ஒரு மாதிரி இருக்குதுன்னேன். தம்பி சோடா குடிச்சிட்டுப் படுக்கச் சொல்றான், ஞாயித்துக்கெழம வர்றானாம்'னா. படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்கலாம்னு நானே போய் வாங்கியாந்தன்."

ஆமாம் அக்கா. சோடா குடி என்று சொன்னவன் நான்தான். அப்போதும் அந்த மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நீ இன்னும் ஏதோ சொல்ல வந்தாய், நான் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். நீ என்ன சொல்ல வந்தாய்? மூன்று வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மாமாமேல் கத்திக்கொண்டே.

"தெரிஞ்சிமா சும்மா இருந்தீங்க?" என்றேன். "ஊரு பூரா உங்களப் பத்திப் பேசினேனே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வாய் அடைஞ்சிருக்கும் இல்ல?"

மாமா பாயில் கிடந்த செருப்பை எடுத்து அமுக்கிப் பார்த்தார். கீச்சென்றது. "உன் வாய் அடைஞ்சிருக்கும். அதுக்கப்புறம் நீ இருந்திருப்பியா? அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி."

நான் அழவில்லை, நம்பு. பக்கத்துப் பாய்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புளிச்சோற்றைத் திறந்தோம். மேலெல்லாம் மணல். மேல் சோற்றை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்ததைத் தின்றோம். அதிலும் மணல் நறநறவென்றது. உன் கைப்பக்குவம் ரேவதிக்கு வரவில்லை, உப்பு அதிகம். அதை மாமாவிடம் சொன்னேன். "வாய மூடிக்கினு தின்னு," என்றார். பிறகு கேட்டார்: "அந்தப் பொடவ எங்க?"

"பீரோவுல இருக்குது."

"மாசியில காது குத்துக்கு மொத நாளு பூவாடக்காரிக்குப் படையல் போடணும். சுமங்கலியாப் போனவளுக்குப் புதுப் பொடவ வச்சிக் கும்புடாம நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாது. நான் கடையில போயி வாங்க மாட்டன். அவளுக்குன்னு எடுத்தது உங்கிட்ட இருக்குது. அதையே கொண்டா." செருப்பை மறுபடி எடுத்துக்கொண்டு, "வூட்டுக்கு வா," என்றார். கையில் தாம்பூலத் தட்டு இல்லை, ஒற்றைச் செருப்புதான் இருந்தது. முறையாகக் கூப்பிட்டது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

என் கோபமெல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த அரை மணி நேரத்தை அவர் எப்படியாவது நிறுத்தியிருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது. அந்த "மற்றும்" இன்னும் போனில் இருக்கிறது. புடவை நிறம் பார்த்துக்கொண்டு கடையில் நின்றேனே, அந்த நேரத்தில் கிளம்பியிருந்தால் உன் முகத்தைப் பார்த்திருப்பேன் என்பதும் இருக்கிறது. இதையெல்லாம் இறக்கி வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. ஆனால் சோடாவைப் பற்றி இனி ஒருத்தரிடமும் பொய் பேச மாட்டேன். முதலில் ரேவதியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் என்ன சொல்வாளோ.

சொல்வதற்கு அவள் பேச வேண்டுமே. நாலு நாளாக எங்கள் ரெண்டு பேரிடமும் அவள் பேச்சில்லை. ஒரே வீட்டுக்குள் மாமா தனிச்சோறு தின்கிறவர் போல உட்கார்ந்திருப்பதாகப் பிரபு ரகசியமாகச் சொன்னான். நான் போன் செய்தால் எடுப்பதில்லை. போன் பேச நான் எழுந்துபோனதையும் புடவை விஷயத்தையும் மட்டும் மாமா பிரபு மூலம் அவள் காதில் போட்டுவிட்டாராம்.

நேற்று சாயங்காலம் அவள் நம்பரிலிருந்தே போன் வந்தது. எடுத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ரேவதியின் குரல், யாரிடமோ பேசுவது போல: "சொல்லு. கண்ணாடித் தாத்தாவ மாசியில வரச் சொல்லு. பொடவைய மறக்காம எடுத்தாரச் சொல்லு. அன்னைக்கும் போன் பேச எழுந்தார்னா மடியில இருந்து புடுங்கிடுவேன்னு சொல்லு."

"தாத்தா," என்றது யாழினி. "வா. போன் வேணாம்."

இவ்வளவு நீளமான செய்தியை அந்த போஸ்ட்மேன் ஒரு சொல்கூடப் பிசகாமல் கொண்டுவந்துவிட்டாள். உன் பேத்தியல்லவா?

மாசியில் வருகிறேன் அக்கா. அந்த வாசலை மிதிக்கிறேன். கத்திரிப்பூ நிறப் புடவையை உன் படத்துக்கு முன்னால் நானே உறை பிரித்து வைக்கிறேன். மறுநாள் அவள் என் மடியில் உட்கார்ந்து கத்துவாள், கண்ணாடியைப் பிடுங்குவாள், உதைப்பாள். ஊசி இறங்கி முடிகிறவரை கையை எடுக்க மாட்டேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். இந்தத் தடவை நேரத்தோடு வருகிறேன்.

பிறந்த வீட்டுக் கோடியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்
உன் தம்பி